நீர்மூழ்கிக் கப்பல் முதல் சைக்கிள் டைனமோ வரை

இலங்கை வானொலியின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அறிவிப்பாளர்களின் பெயர்களையும் புகழ்பெற்ற நிகழ்ச்சிகளின் பெயர்களையும் வரிசைப்படுத்தித் தொடங்குவார்கள். அது முறையான தொடக்கந்தான். குரலால் வாழ்ந்த ஒரு நிறுவனத்தின் கதையைக் குரல்களைக் கொண்டு சொல்வதில் பிழையேதும் இல்லை. ஆயினும் அந்த மாளிகையின் பின்புறத்திலும் ஒரு வாசல் உண்டு. உருகும் ஈயத்தின் மணமும், திறந்து கிடக்கும் பெட்டிகளும், மேசையெங்கும் சிதறிய திருகாணிகளுமாக இருக்கும் பட்டறை வாசல் அது. இன்றைய உரையில் அந்த வாசலால் உள்ளே சென்று பார்க்க விரும்புகின்றேன். பழுதுபட்ட ஒன்றைத் தன் கையாலேயே திருத்திக்கொள்ளும் மனிதனுக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்விக்கு நமது வானொலியின் வரலாற்றில் நல்ல விடை இருக்கின்றது.

முதலாவது உலகப் போர் 1918 இல் முடிவுற்றது. அந்தப் போரில் ஜேர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் கடல்வழி வணிகத்தைக் கலங்கச் செய்தவை. அத்தகைய கப்பல்களில் கம்பியில்லாத் தந்திக் கருவிகள் இருந்தன. கைப்பற்றப்பட்ட ஒரு ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளிலிருந்து எடுத்த உறுப்புகளைக் கொண்டுதான் கொழும்பின் முதலாவது ஒலிபரப்புச் சாதனம் உருவாக்கப்பட்டது. அதனைச் செய்தவர்கள் தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர்கள். அவர்களுக்கு முன்னின்றவர் எட்வேர்ட் ஹாப்பர் என்ற ஆங்கிலேயர். 1923 இல் மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசை பரீட்சார்த்தமாக ஒலிபரப்பப்பட்டது. இலண்டனில் பி.பி.சி. தன் ஒலிபரப்பைத் தொடங்கியது 1922 நவம்பரில் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சின்னஞ்சிறு தீவு எத்துணை விரைவாக அந்த அலையில் ஏறிக்கொண்டது என்பது விளங்கும். 1925 டிசம்பர் 16 ஆம் திகதி வெலிக்கடையிலிருந்து கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது.

கப்பல்களைக் கவிழ்க்கும் கட்டளைகளைச் சுமந்து திரிந்த கருவி, கொழும்பில் பாட்டுப் பாடியது என்பதை ஒரு விந்தையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எனக்கு அதில் இன்னொரு செய்தி தெரிகின்றது. அந்தப் பொறியியலாளர்கள் ஆயத்தமான ஓர் ஒலிபரப்பியைப் பட்டியல் பார்த்து வரவழைக்கவில்லை. பிறர் வேறொரு நோக்கத்துக்காகச் செய்த பொருளைத் திறந்து, எந்த உறுப்பு என்ன வேலை செய்கின்றது என்று கண்டறிந்து, தமக்கு வேண்டிய வேலைக்கு அதனை மாற்றிக் கட்டினார்கள். ஆகவே வானொலி இந்நாட்டுக்கு ஒரு விற்பனைச் சரக்காக வருவதற்கு முன்னரே ஓர் அறிவாக வந்துவிட்டது. ஹாப்பர் இங்கிருந்த ஆர்வலர்களைக் கூட்டிக் கம்பியில்லாத் தந்திக் கழகம் ஒன்றையும் அமைத்தார். தாமே கருவிகளைக் கட்டிப் பார்க்கும் ஆவல் அப்போதே இங்கு வேர்விட்டது.

இரண்டாம் உலகப் போரின்போதும் இதே கதை வேறு வடிவில் நிகழ்ந்தது. மவுண்ட்பேட்டன் பிரபு தலைமை தாங்கிய தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் 1944 இல் கண்டிக்கு வந்தது. படையினருக்காக ஒரு வானொலி நிலையம் நடத்தப்பட்டது. போர் முடிந்தபின், 1949 இல், அதன் சாதனங்கள் இலங்கைக்குக் கைமாறின. ஏகலையில் நின்ற ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பியின் துணையோடு 1950 களில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை கடல் கடந்து ஒலித்தது. அக்காலத்தில் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களுக்கு இடம் மறுத்தார். தமிழ்நாட்டின் காதுகளும் வட இந்தியாவின் காதுகளும் கொழும்பின் பக்கம் திரும்பின. எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலைக் கேட்பதற்காகத் தமிழகத்து வீடுகளில் வானொலி முள்ளைத் திருப்பினார்கள். 1957 இல் இந்தியா விவித் பாரதியைத் தொடங்கியதற்கு இந்தப் போட்டியே பெருங்காரணம். போர்க்களத்துக்கென வந்த சாதனம் இரண்டாவது தடவையாகவும் பாட்டுக்குப் பயன்பட்டது.

இத்தனையும் ஒலிபரப்பியவர்களின் கதை. கேட்டவர்களின் வீட்டில் அந்தப் பெட்டிகளை உயிரோடு வைத்திருந்தவர்கள் யார்?

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். தமிழகத்தில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பார்கள். நமது நாட்டுத் தமிழில் நாம் திருத்துவோம். சைக்கிள் திருத்துமிடம், மணிக்கூடு திருத்துபவர், வானொலித் திருத்தகம் என்று கடைகளின் பெயர்ப்பலகையில் எழுதுவோம். இதே சொல்லைத்தான் ஆசிரியர் மாணவனின் கட்டுரைக்கும் பயன்படுத்துகின்றார். காட்டை வெட்டி வயலாக்குவதையும் காடு திருத்துதல் என்கின்றோம். பழுது பார்ப்பதிலும் திருத்துவதிலும் செயல் ஒன்றேயாயினும், இரண்டாவது சொல்லுக்குள் ஒரு கல்விப் பொருள் இருக்கின்றது. பிழை எங்கே என்று கண்டு, காரணம் அறிந்து, நேராக்குவது திருத்தம். நல்ல வானொலித் திருத்துநர் ஒருவரின் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் எத்துணை பொருத்தமானது என்பது தெரியும்.

எனக்கு அந்த வாய்ப்பு 1960 களில் கொட்டாஞ்சேனையில் கிடைத்தது. எங்கள் வீட்டில் ஒரு வால்வு றேடியோ இருந்தது. அதைப் போட்டவுடன் பேசாது. உள்ளேயிருக்கும் வால்வுகள் சூடேறிச் செம்மஞ்சளாக ஒளிரத் தொடங்கிய பின்னரே எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல ஒலி எழும். என் தந்தையார் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். மின்னியல் படித்தவர் அல்லர். ஜம்பட்டா வீதியில் சிறிய திருத்தகம் வைத்திருந்த ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுத் தொழிலைக் கற்றுக்கொண்டார். நானும் கூடப் போவேன்.

அந்தத் திருத்துநர் முதலில் சொல்லிக்கொடுத்தது தொடாமல் இருப்பதைத்தான். மின்சாரத் தொடர்பை எடுத்துவிட்டாலும், உள்ளேயுள்ள மின்தேக்கிகளில் மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆகவே பெட்டியைத் திறந்ததும் கையை விடக் கூடாது. பொறுத்திருந்து பார்க்க வேண்டும். இரண்டாவது பாடம், பழுதைத் தேடும் முறை. ஒலிபெருக்கியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் உட்புறத்தில் அவர் ஒரு திருகாணி முடுக்கியின் நுனியை வைப்பார். ஒலிபெருக்கியில் உறுமல் கேட்டால் அதற்குப் பிந்திய பகுதி சரி, நோய் அதற்கு முன்னால் இருக்கின்றது என்று பொருள். இவ்வாறு ஒவ்வொரு படியாக விலக்கி விலக்கி, கடைசியில் ஒரேயோர் உறுப்பில் வந்து நிற்பார். பெரும்பாலும் அது சில சதத்துக்கு வாங்கக்கூடிய ஒரு சிறு துண்டாகவே இருக்கும். மூன்றாவது பாடம் நிறங்கள். மின்தடைகளின் உடலில் உள்ள நிற வளையங்கள் இலக்கங்களைக் குறிப்பன. கறுப்பு சுழியம், கபிலம் ஒன்று, சிவப்பு இரண்டு, செம்மஞ்சள் மூன்று என்று நான் வாய்ப்பாட்டைப் போல ஒப்புவிப்பேன்.

பள்ளிக்கூடத்தில் தருக்கம் என்று ஒரு பாடம் இருப்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். ஐயத்துக்கு இடமானவற்றை ஒன்றொன்றாக விலக்கி உண்மையை நெருங்குவது என்பதை நான் கற்றது ஜம்பட்டா வீதியில். தானே திருத்துவதால் வரும் முதலாவது பயன் இதுவே என்று நினைக்கின்றேன். கூலி மிச்சமாவது உண்மைதான். ஆனால் அது சிறு பயன். பழுதுக்கு ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணம் கண்டுபிடிக்கக்கூடியது என்ற நம்பிக்கை ஒரு சிறுவனின் மனத்தில் ஊன்றிவிட்டால், அது வானொலிப் பெட்டியோடு நின்றுவிடுவதில்லை.

1970 க்கும் 1977 க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை நமது மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிகள் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலம். பாணுக்கும் துணிக்கும் வரிசை. புதிய வானொலிப் பெட்டி என்பது கனவு. அந்தக் காலத்தில் திருத்தகங்கள்தாம் கடைகளாக விளங்கின. ஒரு பெட்டியின் வால்வு இன்னொரு பெட்டிக்குள் போகும். எரிந்துபோன மின்மாற்றியின் செப்புக் கம்பியை நிதானமாகக் கழற்றி, சுற்றுகளை எண்ணி, புதுக் கம்பி கொண்டு அதே எண்ணிக்கையில் மீண்டும் சுற்றுவார்கள். மோட்டார் வாகன உறுப்புகளுக்கு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை எப்படியோ, அப்படியே வானொலி உறுப்புகளுக்குப் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள் இருந்தன. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் யப்பானிய வானொலிகளும் கசற் கருவிகளும் அதே தெருக்களில் குவிந்தன. பழையதைத் திருத்துவதிலும் புதியதை வாங்குவது எளிதாயிற்று. திருத்தகங்களின் மேசைகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின.

எங்கள் குடும்பம் அதற்குள் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டது. 1983 ஜூலையில் அங்கு நிகழ்ந்ததை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. எத்தனையோ வீடுகளைப் போல எங்கள் வீடும் சூறையாடப்பட்டது. உயிர் தப்பி, அகதி முகாமில் இருந்து, பல நாட்களின் பின் திரும்பி வந்தபோது அந்த வால்வு றேடியோ முற்றத்தில் கிடந்தது. மரப்பெட்டி சிதைந்துவிட்டது. வால்வுகள் இரண்டு உடைந்திருந்தன. உள்ளேயிருந்த தகட்டுச் சட்டம் மட்டும் வளைந்தும் வளையாமலும் தப்பியிருந்தது. எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு சிங்களத் தச்சர் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்த் தம் வீட்டில் வைத்துவிட்டு, பின்னர் ஒருநாள் தாமே செய்த ஒரு பலாமரப் பெட்டியுடன் வந்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். என் தந்தையார் அந்த ஆண்டு முடியுமுன் அதைப் பேச வைத்தார். கதவுகளும் யன்னல்களும் திருந்துவதற்கு முன்பே றேடியோ திருந்தியது என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

புதுப் பெட்டியின் முகப்பில் அலைவரிசைக் கண்ணாடிக்காக வெட்டிய துவாரம் கால் அங்குலம் அகலமாகிவிட்டது. அந்த இடைவெளியை யாரும் மூடவில்லை. புதிதாக வாங்கிய பொருளில் விலையும் ஆண்டும் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். திருத்திய பொருளில் நடந்தது முழுவதும் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கால் அங்குல இடைவெளியில் 1983 இருக்கின்றது; அந்தத் தச்சரும் இருக்கின்றார். ஒன்றை மட்டும் நினைவில் வைத்து மற்றதை மறந்துவிட முடியாதபடி இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமற் போயிற்று. எரிபொருள், பற்றரி, சவர்க்காரம் முதலிய பலவற்றை அங்கு கொண்டுசெல்வதற்குத் தடையோ கட்டுப்பாடோ இருந்தது. வெளியுலகில் என்ன நடக்கின்றது, தம்மைப் பற்றி என்ன பேசப்படுகின்றது என்று அறிவதற்கு மக்களுக்கு இருந்த முக்கியமான வழி வானொலி. பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும் கேட்க வேண்டும். பெட்டி உண்டு, பற்றரி இல்லை.

அப்போதுதான் சைக்கிள் டைனமோ வானொலிக்கு உணவூட்டத் தொடங்கியது. சைக்கிளின் முன்விளக்கை எரிக்கும் அந்தச் சிறு போத்தல் வடிவக் கருவியை அறியாதவர் இல்லை. அதன் தலையிலுள்ள சிறு சில்லு ரயரோடு உரசிச் சுழலும்போது, உள்ளேயிருக்கும் காந்தம் கம்பிச் சுருளுக்கு நடுவே சுழன்று மின்சாரம் பிறக்கும். அதன் அளவு ஏறத்தாழ ஆறு வோல்ற்று. நான்கு பற்றரிகள் சேர்ந்து கொடுப்பதும் அதே ஆறு வோல்ற்றுத்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. டைனமோ தருவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். பற்றரி தருவது ஒரே திசையில் பாய்வது. முன்னதை அப்படியே வானொலிக்குக் கொடுத்தால் அது வேலை செய்யாது. சிலவேளை கெட்டும் போகும். ஆகவே மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுகின்ற டயோட்டு என்ற சிறு உறுப்புகளில் நான்கை ஒரு சதுரமாக இணைத்து இடையில் வைத்தார்கள். வரவு ஏறியும் இறங்கியும் இருப்பதைச் சமப்படுத்த, தண்ணீர்த் தொட்டியைப் போல ஒரு மின்தேக்கியைச் சேர்த்தார்கள். இந்த உறுப்புகளும் கடையில் வாங்கியவை அல்ல. பழுதாகிக் கிடந்த தொலைக்காட்சிகளிலிருந்தும் கசற் கருவிகளிலிருந்தும் கழற்றி எடுத்தவை. சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, சுற்றிவர இருந்து மற்றவர்கள் செய்தி கேட்டார்கள்.

இந்த முறையை இன்னார்தான் கண்டுபிடித்தார் என்று எவரும் உரிமை கொண்டாடியதில்லை. ஒரு வீட்டில் பார்த்து மறு வீட்டில் செய்தார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் ஊறிய சொற்ப மண்ணெண்ணெயில் எரிந்த விளக்கும் அப்படிப் பரவியதே. ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு இயந்திரம் சூடேறியிருக்க வேண்டும். ஆகவே சில துளி பெற்றோலில் இயந்திரத்தை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்த உறவினர் ஒருவர், 1995 இன் பெரும் இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்புக்கு வந்து எங்களோடு சில மாதங்கள் தங்கியிருந்தார். வெள்ளவத்தை அப்போது வடக்கிலிருந்து வந்தவர்களால் நிறைந்திருந்தது. ஒருநாள் காலி வீதியில் ஒரு கடைக்குப் போனோம். கண்ணாடிக்குள் பற்றரிகள் அடுக்கியிருந்தன. அவர் நான்கு வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் நின்றார். பிறகு, "அண்ணை, இந்த நாலுக்காக எங்கட பெடியள் எத்தினை மைல் மிதிச்சிருப்பாங்கள் தெரியுமோ?" என்றார்.

அவர் சொன்ன செய்தி ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. மிதிப்பதற்கு மாணவர்களைத்தான் முறை வைத்து அமர்த்துவார்களாம். செய்தியில் முக்கியமான கட்டம் வரும்போது, மிதிக்கும் பையன் தன்னை மறந்து காது கொடுத்துவிடுவான். கால் நின்றுவிடும், குரலும் தேய்ந்து மறைந்துவிடும். சுற்றியிருப்போர் எல்லோரும் "மிதியடா, மிதியடா" என்று கத்துவார்களாம். செய்தியை மற்றவர்களுக்கு வரவழைத்துக் கொடுத்தவனுக்குச் செய்தி அரைகுறையாகத்தான் கிடைத்திருக்கும். ஆனால் அந்தப் பையன்களில் டயோட்டு எது, மின்தேக்கி எது என்று அறியாதவன் இல்லை என்றும், பாடப் புத்தகத்தில் மாறுமின்னோட்டம் என்று வாசிப்பதற்கு முன்பே அதைத் தம் காலால் அறிந்திருந்தார்கள் என்றும் அவர் பெருமையோடு சொன்னார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இல்லாமையைப் புகழ்ந்து பேசுவது இருப்பவர்களுக்கு எளிது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளையின் கண் எரிந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரத்தின் புகை நெஞ்சை அடைத்தது. மருந்து வராமற் போனதற்கு எந்தத் திருத்துநரிடமும் மாற்று இருக்கவில்லை. அந்த ஆசிரியரே, "இந்தக் கெட்டித்தனம் எங்களுக்கு வேண்டாம், லைற்றைத் தாங்கோ என்றுதான் கேட்டனாங்கள்" என்று சொன்னதுண்டு. ஆகவே தடையை நான் போற்றவில்லை. தடை போட்டவர்களால் எடுத்துக்கொள்ள முடியாமற் போன ஒன்றைச் சுட்டிக்காட்டுகின்றேன். பற்றரியை நிறுத்தலாம், பற்றரி என்பது என்ன வேலை செய்கின்றது என்று அறிந்தவனின் அறிவை நிறுத்த முடியாது. தானே திருத்துவதன் பெரும்பயன் இதுதான்.

திருத்தம் என்பது கம்பிக்கும் இரும்புக்கும் மட்டும் உரியதா என்று இலக்கிய அன்பர்கள் கேட்கலாம். மறைந்தே போன ஒரு பொருளை மீட்டுக் கட்டிய ஒருவரை நமது நாடு தந்திருக்கின்றது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இளமையில் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, 1916 இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றவர். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். இந்த இரண்டு கல்வியும் ஒருவரிடத்தில் சேர்ந்ததன் விளைவு யாழ் நூல். பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. திறந்து பார்ப்பதற்குக்கூட ஒரு பழைய யாழ் கையில் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அடியார்க்கு நல்லாரின் உரையும் இருந்தன. அவற்றின் சொற்களை ஒரு வரைபடம்போல வாசித்து, நரம்புகளின் நீளத்தையும் சுருதிகளின் விகிதத்தையும் கணக்கிட்டு, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் முதலியவற்றின் உருவத்தை அவர் வகுத்துக் காட்டினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் அந்நூல் அரங்கேறியபோது, அவர் வகுத்தபடி செய்த யாழும் அங்கு இசைக்கப்பட்டது. அடுத்த மாதம் 19 ஆம் திகதி அவர் மறைந்தார். எஞ்சிய துண்டுகளிலிருந்து பின்னோக்கிப் போய் முழுமையைக் கண்டறிவது என்ற அளவில், அவருடைய முறையும் ஒரு நல்ல திருத்துநரின் முறையே. கேட்க முடியாததைக் கேட்க வைத்தது என்ற அளவில் அதன் பயனும் ஒன்றே.

இன்றைய நிலைமைக்கு வருகின்றேன். 2022 இல் நமது நாட்டின் கையிருப்பில் டொலர் தீர்ந்தபோது, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரையில் மின்வெட்டு வந்தது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது. காலி வீதியில் சைக்கிள்கள் மீண்டும் தென்பட்டன. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பரண்களில் கிடந்தவற்றை இறக்கித் துடைத்தார்கள். ஆனால் இந்தத் தடவை ஒரு வேறுபாட்டைக் கண்டேன். சைக்கிளைத் திருத்துவதற்கு ஆட்கள் கிடைத்தார்கள். மற்றவற்றைத் திருத்துவதற்கு ஆட்கள் அரிதாக இருந்தார்கள். ஆட்கள் இருந்தாலும் பொருள்கள் இடங்கொடுக்கவில்லை. இன்றைய கைத்தொலைபேசிகளின் முதுகில் திருகாணி இல்லை. பசை போட்டு ஒட்டியிருக்கின்றார்கள். பற்றரி தேய்ந்தாலும் முழுக் கருவியையும் மாற்றும் மனநிலைக்கு வாங்குபவர் பழக்கப்பட்டுவிட்டார்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதன்று. ஆம்ஸ்ரடாமில் 2009 இல் மார்ட்டின் பொஸ்ற்மா என்ற பெண்மணி, அயலவர்கள் கூடித் தத்தம் பொருள்களைத் தாமே திருத்தக் கற்றுக்கொள்ளும் ஒரு கூட்டத்தைத் தொடங்கினார். அது இன்று பல நாடுகளில் பரவியிருக்கின்றது. பிரான்சு 2021 முதல் சில வகை மின்சாதனங்களுக்கு அவை எவ்வளவு எளிதாகத் திருத்தக்கூடியவை என்று புள்ளியிட்டுக் காட்ட வேண்டுமென விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் திருத்தும் உரிமைக்கென ஒரு சட்டமே இயற்றியது. உரிமை என்று சட்டம் எழுதிக் கேட்க வேண்டிய நிலைக்கு அது வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜம்பட்டா வீதிக்காரரிடம் அப்படி ஓர் உரிமையைப் பற்றிச் சொல்லியிருந்தால், மூச்சு விடுவதற்கும் உரிமைச் சட்டமா என்று கேட்டிருப்பார்.

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் பழைய வீடுகள் போய் மாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. வீடு மாறுபவர்கள் பழைய பெட்டிகளைக் கொண்டுபோவதில்லை. "போத்தல், பத்தர" என்று கூவிக்கொண்டு வருபவரின் தள்ளுவண்டியில் அவை ஏறிப் போகின்றன. பெட்டிகள் போவதைப் பற்றி எனக்குப் பெரிய துயரமில்லை. அவற்றை அறிந்த மனிதர்களைப் பற்றியே நினைக்கின்றேன். எரிந்த மின்மாற்றியின் சுற்றுகளை எண்ணியவர்களும், டைனமோவுக்கு டயோட்டுக் கட்டியவர்களும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. 1990 களில் சைக்கிள் மிதித்த பையன்களுக்கே இன்று தலை நரைத்துவிட்டது. அறிவிப்பாளர்களின் குரல்களாவது ஒலிநாடாக்களில் எஞ்சியிருக்கின்றன. கேட்க வைத்த கைகளின் கதை எதிலும் பதிவாகவில்லை.

ஆகவே வாசகர்களிடம் எனது வேண்டுகோள் மிகவும் சிறியது. உங்கள் உறவிலோ அயலிலோ அத்தகைய ஒருவர் இருப்பார். ஒரு மாலை நேரத்தில் அவரிடம் போய், எதை எப்படித் திருத்தினீர்கள், அந்த உறுப்பு எங்கிருந்து கிடைத்தது, யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போகும்போது பழுதாகிக் கிடக்கும் ஏதாவதொரு பொருளையும் கையோடு கொண்டுபோங்கள். வெறுங்கையோடு போனால் அவர் அதிகம் பேசமாட்டார். ஒரு பெட்டியைத் திறந்து முன்னால் வைத்துவிட்டால், தாமாகவே சொல்லத் தொடங்குவார்.